வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் தமிழ்நாட்டில் எல்லார் வீட்டிலும் வானிலை அறிக்கை ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலத்துக்கு இயல்பாகக் கிடைக்கும் மழை சுமார் 44 செ.மீ.; ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி. இந்த மூன்று மாதங்களில் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிக்கைகளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு தெரியாததால்தான் பலருக்கு அவை ஒரே மாதிரி கேட்கின்றன.

மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

நாம் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் நிறம் சொல்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். மழை எவ்வளவு, அது பெய்ய வாய்ப்பு எவ்வளவு, பெய்தால் பாதிப்பு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நிறத்தைக் குறிக்கிறார்கள். நான்கு நாள் முன்பு மஞ்சளில் இருந்த மாவட்டம் முந்தைய நாள் சிவப்புக்கு மாறினால், பெரும்பாலும் கணிப்பின் உறுதி கூடியிருக்கிறது என்று பொருள்.

நிறம் மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதையும் மறக்கவேண்டாம். திருநெல்வேலிக்கு ஆரஞ்சு என்றால் மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு பக்கம் கொட்டித் தீர்க்கும்; அதே நாளில் பாளையங்கோட்டையில் தூறலோடு நின்றுவிடலாம். மறுநாள் 'ரெட் அலர்ட் என்றார்கள், வெயில் அடித்தது' என்று பேசுவதற்கு முன் மாவட்டத்தின் மற்ற மழைமானிகள் என்ன காட்டின என்று பாருங்கள்.

கனமழை, மிகக் கனமழை, அதிகனமழை: எவ்வளவு பெய்தால் எந்தப் பெயர்?

24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை. 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அதிகனமழை. 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. நனைந்து வீடு திரும்பியவருக்குக் கனமழையாகத் தோன்றும் 4 செ.மீ., அறிக்கையின் கணக்கில் மிதமான மழைதான்.

இந்த எண்களை மொட்டைமாடிக் கணக்கில் பார்த்தால் உறைக்கும். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். அந்த மாடியில் கனமழையின் தொடக்க அளவே சுமார் 6,000 லிட்டர். அதிகனமழையின் தொடக்கம் 19,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரைக்கும் மேல். அத்தனையும் மாடியிலிருந்து ஒன்றிரண்டு குழாய்கள் வழியாகவே இறங்கவேண்டும். குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையும் நான்கு வேப்பிலைக் கொத்தும் அடைத்துக்கொண்டால் மாடியே குளமாகி, கைப்பிடிச் சுவரின் அடியில் நீர் கசியத் தொடங்கும். ஆரஞ்சு என்று கேட்டதும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்தக் குழாய் வாய்.

24 மணி நேரக் கணக்கில் ஒரு குறையும் உண்டு. 10 செ.மீ. நாள் முழுக்கப் பெய்தால் மண் குடித்துவிடும். அதே 10 செ.மீ. இரண்டு மணி நேரத்தில் பெய்தால் தெரு மூழ்கும். அதனால் நாளறிக்கையோடு, மாவட்டவாரியாக அடுத்த 3 மணி நேரத்துக்கு வரும் குறுகிய கால எச்சரிக்கையையும் பாருங்கள். நகரவாசிகளுக்கு அதுதான் அதிகம் பயன்படும் என்பது எங்கள் கருத்து.

'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்' என்று மழுப்புகிறார்களே?

மழுப்பல் இல்லை, அளவு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. பாதி வரை என்றால் 'ஒருசில இடங்களில்'. முக்கால் பங்கு வரை 'அநேக இடங்களில்'. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்களில்'. ஆக, 'பெரும்பாலான இடங்களில் மிதமான மழை, ஓரிரு இடங்களில் மிகக் கனமழை' என்ற வரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: குடை எல்லாருக்கும் வேண்டும், எங்கோ சில ஊர்களில் வெள்ளம் வரலாம். அந்தச் சில ஊர்கள் எவை என்று முந்தைய நாளே பெயர் சொல்ல இன்றைய அறிவியலால் இயலாது.

'நேற்று பெய்த மழை' என்றால் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை?

காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. டிசம்பர் 1 என்று தேதியிட்ட மழையளவில் பெரும்பகுதி நவம்பர் 30 பகலிலும் இரவிலும் பெய்தது. இது தெரியாமல் இரண்டு செய்திகளின் எண்களைக் கூட்டி, ஒரே மழையை இருமுறை எண்ணுகிறவர்கள் நிறைய.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்: எப்போது எது?

காற்றின் வேகம்தான் அளவுகோல். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியில் மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவு. 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63-ஐத் தொட்டால்தான் புயல்; பெயர் சூட்டுவதும் அப்போதுதான். அதற்கு மேல் 89, 118, 166, 221 கி.மீ. என்று படிகள் ஏறும். தீவிரம், மிகத் தீவிரம், அதிதீவிரம் என்று அந்தப் படிகளை ஊடகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வதும் உண்டு. அடைமொழியை விட்டுவிட்டுக் கிலோமீட்டர் எண்ணைக் கேளுங்கள்.

புயல் இல்லையென்றால் பயமில்லை அல்லவா?

எங்களுக்கு வரும் கேள்விகளில் மிகவும் கவலை தருவது இதுதான். புயலின் பெயரும் படியும் காற்றைப் பற்றியவை. மழையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குமரிக்கடல் பகுதியில் இருந்தது வெறும் கீழடுக்குச் சுழற்சி, அதாவது வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் காற்று சுழல்வது மட்டும். அது தாழ்வு மண்டலம்கூட ஆகவில்லை, அதற்குப் பெயரும் கிடையாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது, தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டில் சராசரியாகப் பெறும் மழையைவிட அதிகம். மேலே சொன்ன 1,000 சதுர அடி மாடியில் ஏழு லாரித் தண்ணீர். தாமிரபரணி பெருகியது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மழைக்கும் புயல் பெயர் எதுவும் இல்லை.

சுழற்சி நகராமல் ஒரே இடத்தில் நிற்பது, கடலிலிருந்து ஈரக்காற்று இடைவிடாமல் வந்துகொண்டிருப்பது, மேகக்கூட்டம் கடல்மேல் மறுபடி மறுபடி உருவாகி ஒரே ஊரின்மேல் வரிசையாக வந்து இறங்குவது: இந்த மூன்றும் சேர்ந்தால் பேரிடருக்கு அதுவே போதும். அறிக்கையில் புயல் என்ற சொல்லைத் தேடவேண்டாம். மழை எவ்வளவு என்று தேடுங்கள்.

கணிப்பு ஏன் அடிக்கடி மாறுகிறது?

2024-இல் வந்த ஃபெஞ்சல் புயல் இதற்கு நல்ல பாடம். நவம்பர் கடைசி வாரத்தில் வங்கக்கடலில் இருந்த தாழ்வு மண்டலம் புயலாகும் என்று எதிர்பார்த்த நாளில் ஆகவில்லை. புயலாகாமலே கரையேறலாம் என்ற கணிப்பும் வந்தது. பிறகு 29-ஆம் தேதி புயலானது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகும் நகர மறுத்து அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியது. அடுத்த நாள் கடற்கரையிலிருந்து சுமார் 140 கி.மீ. உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. 'கரையைக் கடந்துவிட்டது' என்ற செய்தியோடு டிவியை அணைத்துவிட்ட உள்மாவட்ட மக்களுக்கு ஆபத்து அதன் பிறகுதான் வந்தது.

காரணம் இதுதான். புயல் தானாக எங்கும் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள மேலடுக்குக் காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தக் காற்று வலுவாக ஒரே திசையில் வீசினால் கணிப்பு எளிது. இரு பக்கமும் எதிரெதிராகத் தள்ளும்போது புயல் தயங்கி நிற்கும். சின்னப் பிழையும் பெரிதாகும். பாதைக் கணிப்பில் ஒரு நாள் முன்பு சராசரியாக 70, 80 கி.மீ. பிழை இருக்கும், இரண்டு நாள் முன்பு நூறைத் தாண்டும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நேர்க்கோட்டுத் தூரமே சுமார் 135 கி.மீ.தான். இரண்டு நாள் முன்பே ஊர் பெயரைச் சொல்லி 'இங்கேதான் கரை கடக்கும்' என்று ஒருவர் உறுதியாகப் பேசினால், அவருக்கு இந்தப் பிழையின் அளவு தெரியவில்லை என்று கொள்ளுங்கள்.

புயல் பாதைக் கணிப்புப் படத்தில் விசிறிபோல் விரியும் பகுதி புயலின் அகலம் இல்லை. அதன் மையம் போகக்கூடிய இடங்களின் எல்லை அது. விசிறிக்கு வெளியே இருக்கும் ஊருக்கும் மழையும் காற்றும் வரும்.

எங்கள் ஊர் புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே இருப்பவர்களைவிட ஆபத்து அதிகமா?

மேற்கு நோக்கி வரும் புயலானால், பொதுவாக ஆம். நம் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். நீரைத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். சில சமயம் கடல் உள்வாங்கும். ஆனால் கோடியக்கரையில் கடற்கரை மேற்கே திரும்பி விடுகிறது. அதனால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் இந்த விதி அப்படியே பொருந்தாது. மையம் உள்ளே போன பிறகு அங்கே தெற்கிலிருந்து வீசும் காற்று ஆழமில்லாத பாக் நீரிணை நீரைக் கரைக்குத் தள்ளும்.

இன்னொன்று: புயலின் கண் உங்கள் ஊரின்மேல் வந்தால் திடீரென்று காற்று அடங்கும், வானம் வெளுக்கும். மரத்தை வெட்டவும் ஓட்டைச் சரிசெய்யவும் வெளியே வரவேண்டாம். கண் கடந்ததும் காற்று நேர் எதிர்த் திசையிலிருந்து முழு வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாவது காற்றில்தான் பெரும்பாலும் விழுகின்றன.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்கள் எதைக் குறிக்கின்றன?

அவை கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியவை. 1-ஆம் எண்: தொலைக்கடலில் தாழ்வு மண்டலம். 2: தொலைக்கடலில் புயல். 3: துறைமுகத்தில் பலத்த காற்று வரலாம். 4: துறைமுகத்தைப் புயல் நெருங்கலாம். 5, 6, 7 அபாயம்: தன் போக்கில் வரும் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயலானால் இதே வரிசையில் 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11. ஊரில் இருப்பவர்கள் '1-ஆம் எண் ஏற்றிவிட்டார்கள்' என்று கேட்டுப் பதறத் தேவையில்லை.

மீனவர்களுக்கான எச்சரிக்கையில் எதைக் கவனிக்கவேண்டும்?

மூன்றை: கடல்பகுதியின் பெயர், தேதி, காற்றின் வேகம். 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று' என்ற வரியில் கடைசி எண்ணைத்தான் படகுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டும். படகைக் கவிழ்ப்பது அந்த இடையிடை வீச்சு.

நாட்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்களின் நிலை வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி அருகே மிக வேகமாக வலுவடைந்தபோது, பல விசைப்படகுகள் அதற்கு நாட்கள் முன்பே கிளம்பி, கைபேசிக்கும் வயர்லெஸ்ஸுக்கும் எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை கரையில் இருந்தது, ஆட்கள் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போகும் படகில் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி இல்லாமல் இந்த மாதங்களில் கிளம்புவது தவறு. கருவி பொருத்தியிருந்தால், புறப்படும் முன் அது இயங்குகிறதா என்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பேட்டரி இணைப்பில் உப்பு ஏறி வேலைசெய்யாமல் போவது சாதாரணம்.

காற்றே இல்லாமல் அலை எழும் கள்ளக்கடலுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. தொலைவில் தென் பெருங்கடலில் எழும் அலைகள் நாட்கணக்கில் பயணித்து இங்கே வந்து மோதுவதால் அது ஏற்படுகிறது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று கடற்கரையில் நிற்கவேண்டாம்.

கைபேசியில் ரேடார் படம் பார்த்து நாமே மழையைக் கணிக்கலாமா?

அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கணிக்கலாம். அரை மணி நேரப் படங்களை ஓடவிட்டு, மேகப்பட்டை எவ்வளவு தூரம் எந்தத் திசையில் நகர்ந்தது என்று பார்த்து, அதே வேகத்தில் உங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று கணக்கிடுங்கள். இதில் தவறுகள் வருவது மூன்று இடங்களில். முதலாவது நேரம்: சில படங்களில் உலகப் பொது நேரம்தான் இருக்கும், 5 மணி 30 நிமிடம் கூட்டவேண்டும். இரண்டாவது தூரம்: ரேடாரின் கதிர் போகப் போக உயரும்; 100 கி.மீ. தொலைவில் அது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்தைத்தான் பார்க்கிறது, அதற்குக் கீழே பெய்யும் மழை தப்பிவிடும். மூன்றாவது, முக்கியமானது: பட்டை கடந்துவிட்டது என்று நினைக்கும்போது கடல்மேல் அதே இடத்தில் அடுத்த பட்டை முளைக்கும்.

சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்றழுத்தம் தினமும் காலை, இரவு 10 மணி வாக்கில் ஏறும். அதிகாலை, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். மூன்று, நான்கு மில்லிபார் வித்தியாசம் இயல்பு. காலை 10 மணி எண்ணை மாலை 4 மணி எண்ணோடு ஒப்பிட்டு 'புயல் வருகிறது' என்று குழுவில் போடவேண்டாம். நேற்று இதே நேரத்து எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கடலோரத்தில் ஏன் இரவிலும் விடியற்காலையிலுமே மழை பெய்கிறது?

இரவில் நிலம் குளிர்ந்து, தரையிலிருந்து கடல்நோக்கி மெல்லிய காற்று வீசும். கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்று கரையோரத்தில் அதை மோதி மேலெழும்பும், மேகம் திரளும். வெயில் ஏறியதும் அந்த மோதல் கலைந்துவிடும். கோடையில் மாலை மழை, ஐப்பசியில் விடியல் மழை என்பதன் பின்னணி இதுதான்.

எல் நினோ ஆண்டென்றால் நமக்கு மழை குறையுமா?

எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாவது; லா நினா என்பது அது குளிர்வது. எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்று சொல்வதை அப்படியே இங்கே பொருத்தவேண்டாம். எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை கூடும் போக்கே அதிகம். 2015 அப்படிப்பட்ட ஆண்டு. லா நினா நிலவிய 2016-இல் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. ஆனால் 2021-உம் லா நினா ஆண்டுதான். அப்போது 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. போக்கு என்பது வாக்குறுதி ஆகாது. விதைப்பு முடிவை இதை மட்டும் நம்பி எடுக்கவேண்டாம்.

பள்ளி விடுமுறையை வானிலை மையம்தான் அறிவிக்கிறதா?

இல்லை. மாவட்ட ஆட்சியர் முடிவு செய்கிறார்.

ஏரியில் '6,000 கன அடி திறப்பு' என்றால் எவ்வளவு?

விநாடிக்கு 6,000 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஏறக்குறைய 11,570 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) ஆகும், 6,000 என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல். சென்னைக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. நீர்மட்டம் எவ்வளவு என்பதைவிட, ஏரிக்கு வரும் நீர் எவ்வளவு, வெளியேறும் நீர் எவ்வளவு என்ற இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லும். வரத்து கூடிக்கொண்டே போனால் திறப்பும் கூடும்; அந்த நீர் போய்ச் சேரும் அடையாற்றின் கரையில் தாழ்வான வீட்டில் இருப்பவர்கள் இரவுக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சென்னை மாநகராட்சி 1913.

வீட்டிலேயே மழையை அளக்க முடியுமா?

முடியும், செலவில்லாமல். பக்கங்கள் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை, கழுத்து சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியைக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருகுங்கள். நீர் ஆவியாவது குறையும். அடியில் உள்ள குழிகள் மறையும் வரை கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியக் கோடு போடுங்கள். அதிலிருந்து ஸ்கேலால் மி.மீ. குறியிடுங்கள். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் நீர் ஏறும் உயரம்தான் மழையளவு.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சுவரோரம் வைத்தால் ஒரு பக்கத்துச் சாரல் விழாது. மரத்தடியில் வைத்தால் இலைநீர் கூடுதலாகச் சொட்டும். அருகில் உள்ள சுவர் அல்லது மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி, காற்றில் சாயாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்துங்கள். தினமும் காலை 8.30-க்குக் கண்மட்டத்தில் வைத்துப் படித்து, குறித்து, தண்ணீரை மறுபடி பூஜ்ஜியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பாட்டில் 20 செ.மீ. அளவுக்குள் நிரம்பிவிடும் என்பதால், பெருமழை நாளில் இடையில் ஒருமுறை படித்து, கொட்டிவிட்டு, இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.